29 எழுத்துல ஒரு மயிரு

ஏலே பேராண்டி, இங்கன வா. என்னமோ இங்கிலீசு வார்த்தை படிச்சிட்டேன்னு திண்ணைக்கும் தெருவுக்குமா நடக்கியே, எங்க, இன்னொரு தடவ சொல்லு. ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். யப்பா! 29 எழுத்தாம்லா? நீ சொல்லி முடிக்கதுக்குள்ள நான் ஒரு வாய் வெத்தல மென்னு துப்பிருவேன்.

அர்த்தம்? ஒண்ணுக்கும் ஆகாதுன்னு ஒதுக்கித் தள்ளுறது. அம்புட்டுதானா? இதுக்கா இந்த நீளம்?

சரி, உரிச்சுப் பாப்போம். ஃப்ளாக்கஸ்னா கம்பளித் துணுக்கு, ஊதினா பறந்துரும். நாக்கம்னா அற்பம். நிஹில்னா ஒண்ணுமில்ல. பைலஸ்னா மயிரு. மூஞ்சியச் சுளிக்காதலே, நான் லத்தீனத்தான் சொல்லுதேன். ரோமாபுரிக்காரன் ஒருத்தனப் புடிக்கலேன்னா, 'உன்ன மயிரளவுக்கும் மதிக்க மாட்டேன்'னுதான் சொல்லியிருக்கான். காலையில முருங்கைக்கா யாவாரி அடிமாட்டு வெலைக்குக் கேட்டப்ப உங்க ஆச்சி என்ன சொன்னா? அவ ரோமுக்கா போய்ப் படிச்சா?

நாலும் எப்படி ஒண்ணாச்சுன்னு கேளு. இங்கிலாந்துல ஈட்டன்னு ஒரு பள்ளிக்கூடம். பெரிய வீட்டுப் பிள்ளைக படிக்கது. அங்க லத்தீன் இலக்கணத்துல இந்த நாலையும் வரிசையா அடுக்கி, மதிப்புச் சொல்லுதப்ப எந்த வேற்றுமை போடணும்னு ஒரு விதி. பயலுவ உருப்போட்டே நாக்குத் தேஞ்சிருப்பானுவ. அந்த எரிச்சல்ல எவனோ நாலையும் ஒரே முடிச்சாப் போட்டு, வாலுல 'ஃபிகேஷன்' கட்டி விட்டிருக்கணும்.

1741-ல வில்லியம் ஷென்ஸ்டன்னு ஒரு கவிராயரு கடுதாசியில இந்த வார்த்தைய எழுதியிருக்காரு. ஒருத்தர் பணத்த மதிக்கவே மாட்டாராம், அந்தக் குணந்தான் இவருக்கு ரொம்பப் புடிச்சதாம். நல்ல குணந்தான். ஆனா 'துச்சம்'னு சொன்னா நாலே எழுத்து. துச்சமான சரக்குக்கு எதுக்குடே இம்புட்டுப் பெரிய சாக்கு?

2012-ல லண்டன் பார்லிமென்டுலயும் ஜேக்கப் ரீஸ்-மாக்குன்னு ஒரு எம்.பி. இத எடுத்து விட்டாரு. அவரும் ஈட்டன்ல படிச்சவருதான். பின்ன?

அந்தா, முருங்கைக்கா யாவாரி திரும்பி வாரான் பாரு. ஓடிப் போயி ஆச்சிக்கு அந்த நாலையும் சொல்லிக் குடு. அவளுக்கு நாலும் வேண்டாம், ஒண்ணு போதும். எதுன்னு தெருவுக்கே கேக்கும்.