12,000 வாட்ஸ் மாமா

“கையை இங்க வைடா மாப்ளே” என்பார். வைத்தாக வேண்டும். வைக்காதவனுக்கு அந்த வீட்டில் காபி வராது. சப்-ஊஃபர் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து குபுக் குபுக்கென்று காற்று வந்து உள்ளங்கையில் மோதும்.

“காத்து வருதா?”

“வருது மாமா.”

“எவ்ளோ வருது?”

இதற்கு எந்த அலகில் பதில் சொல்வது? “செமையா வருது” என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். அதைக் காதில் வாங்கிய பிறகே அத்தையிடம் காபிக்கு உத்தரவு போகும். பாட்டு எப்படி இருந்தது என்று மட்டும் மாமா யாரிடமும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது. அவர் வீட்டில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டவர் இல்லை.

முன்னிசை முடிந்து எஸ்.பி.பி. வாயைத் திறக்கப் போவார், மாமா நிறுத்திவிடுவார். “இனிமே பாட்டுதான். அடுத்தது கேளு, இதுல அடி இன்னும் பயங்கரமா இருக்கும்.” இளையராஜா பாட்டுகளில் பேஸ் கித்தார் அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நகரும். அதைக் கேட்பதற்கென்றே நல்ல ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் உண்டு. மாமாவின் பெட்டிக்கு அத்தனை சுரமும் ஒன்றே: தொம். மேலே போனாலும் தொம், கீழே வந்தாலும் தொம்.

அடுத்தது தம்ளர். சப்-ஊஃபரின் தலையில் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வைத்து, வட்ட வட்டமாய் அலை எழுவதைக் காட்டுவார். இது ‘ஜுராசிக் பார்க்’ பார்த்த நாளிலிருந்து பிடித்தது. 1993-இல் வந்த அந்தப் படம்தான் டி.டி.எஸ். ஒலியோடு வெளியான முதல் படம். டைனோசர் நடந்து வரும்போது காருக்குள் தம்ளர் தண்ணீர் அதிருமே, அங்கே விழுந்தவர் மாமா, இன்னும் எழுந்திருக்கவில்லை. படப்பிடிப்பில் அந்த அலையைச் சத்தத்தால் உண்டாக்கவில்லை, காரின் டாஷ்போர்டுக்கு அடியில் கித்தார் தந்தி கட்டி மீட்டினார்கள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “நம்ம செட்டுல தந்தி இல்லாமலே வருது பாத்தியா” என்றார்.

பிறகு ஹெலிகாப்டர். போனில் ‘5.1 டெஸ்ட்’ என்று எதையோ எடுத்து புளூடூத்தில் பெட்டிக்கு அனுப்புவார். சோபாவின் நடுவில் உட்கார வேண்டும், அது சாமி பார்த்து வைத்த இடம். மாமா ஆள்காட்டி விரலை நீட்டிச் சுவரோரமாகச் சுற்றுவார். “இப்ப லெப்ட்ல... இப்ப பின்னாடி... தலைக்கு மேல வருது பாரு!” புளூடூத்தில் போவது இரண்டே சேனல். அந்த இரண்டைத்தான் பெட்டி ஐந்தாகப் பங்கு போட்டு எல்லா மூலைக்கும் விடுகிறது. ஆகவே ஹெலிகாப்டர் நாலு மூலையிலும் ஒரே சமயத்தில் பறக்கிறது. சுற்றுவது மாமாவின் விரல் மட்டும்தான். ஆனாலும் விரல் போகிற பக்கம் நம் கழுத்தும் போக வேண்டும். போகாவிட்டால், “நீ கவனிக்கல” என்று முதலிலிருந்து ஓட்டுவார்.

டிவியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவதும் ஒரு சிவப்பு வெள்ளை வயர்தான். அதிலும் இரண்டு சேனல்தான். இதைச் சொன்னால் காபி ஆறிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை.

அட்டைப்பெட்டியை மாமா தூக்கிப் போடவில்லை. பரணில் முகம் தெரியும்படி வைத்திருக்கிறார்: 12,000 வாட்ஸ், பி.எம்.பி.ஓ. சப்-ஊஃபரின் முதுகில் இன்னொரு சின்ன ஸ்டிக்கர் உண்டு: 230 வோல்ட், 60 வாட்ஸ். சுவரிலிருந்து வாங்குவது 60, நமக்குத் தருவது 12,000. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு யூனிட்டும் சேர்ந்து 840 மெகாவாட். கணக்குப் போட்டால், எழுபதாயிரம் மாமாக்கள் ஒரே நேரத்தில் ஸ்விட்சைத் தட்டினால் மேட்டூரில் நிலக்கரியே வேண்டாம். மின்வாரியம் ஏன் இன்னும் மாமாவை வந்து பார்க்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. கண் இமைக்கும் நேரத்துக்கு எகிறக்கூடிய சக்தி என்று ஒன்றைக் கற்பனை செய்து, ஸ்பீக்கர் எண்ணிக்கையால் பெருக்கி, அட்டையில் இடம் இருக்கிறவரை பூஜ்யம் போடலாம். அமெரிக்காவில் வாட்ஸ் புளுகு தாங்க முடியாமல் 1974-இலேயே அங்குள்ள வர்த்தக ஆணையம், தொடர்ந்து எவ்வளவு சக்தி தர முடியுமோ அதைச் சொல் என்று வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு விதி போட்டது. நம் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து தருகிறவர்களுக்கு ஆணையமெல்லாம் வேண்டியதில்லை. 12-0-12, 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் இருபத்து நாலைந்து நூற்றிருபது, அதற்கு மேல் ஒரு வாட்ஸ் வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அங்கே போன மாமா கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஜப்பான் கம்பெனி ரிசீவர் வாங்கினார், அந்தக் கம்பெனியிலேயே ஆரம்ப மாடல். சேனலுக்கு 70 வாட்ஸ். “எழுபதா! சொந்தக்காரங்க கிட்ட சொல்லிடாத” என்று மாமா அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்த எழுபதுக்குப் பக்கத்தில் எத்தனை ஓம், எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எத்தனை சதவீதம் சிதைவு, எத்தனை சேனல் ஓடும்போது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதிலும் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை. இரண்டு சேனல் ஓடும்போதுதான் எழுபது, ஐந்தும் ஓடினால் இறங்கும். ஆனால் அதை எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். மாமா வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட்ஸ் கொடுத்தாலே அங்கே உரக்கப் பேசுகிறவர் குரல் எடுபடாது. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எழுபதைத் தாண்டி அந்த ஹாலில் எதற்கு?

அந்த ரிசீவருக்குக் கொடுக்கும் காசு எல்லோரிடமும் இல்லைதான். ஸ்பீக்கர் வேறு தனியாக வாங்க வேண்டும். மாமா எட்டாயிரத்துக்கு வாங்கினார். அதே எட்டாயிரத்துக்கு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கி டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தால் பாட்டு பாட்டாகக் கேட்டிருக்கும். விலை குறைந்த பெட்டி வாங்கியது குற்றமே இல்லை. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்-ஊஃபரையும் அந்த விலைக்குள் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும் என்று யோசிக்காததுதான் குற்றம்.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அந்த வீட்டில் வசனம் கேட்காது. சினிமாவில் பேச்சு பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில். மாமா வீட்டில் அது மூன்று அங்குலக் காகிதக் கூம்பு, பக்கத்திலேயே தொம். “என்னடா சொன்னான்?” என்று பாட்டி கேட்பார். மாமா ரிமோட்டை ஏற்றுவார். உடனே சண்டை வரும், சுவர் அதிரும், பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும், மாமா ரிமோட்டை இறக்குவார். பாட்டி மறுபடியும், “என்னடா சொன்னான்?” எண்பது வயதுக்காரிக்குக் கதை புரியவில்லை, மாமாவுக்கோ கையில் காற்று வந்தால் போதும். பேஸைக் குறையுங்கள் மாமா என்று எத்தனை தடவைதான் சொல்வது? குறைக்க மாட்டார். குறைத்தால் வாங்கியதற்கு அர்த்தமில்லையாம்.

மாமா ஆபீஸ் கிளம்பியதும் பாட்டி டிவியின் சொந்த ஸ்பீக்கரில் சீரியல் பார்த்துக்கொள்கிறார். அதற்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஆனால் லீவு நாளில் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பாப்கார்ன் பொரித்துப் படம் போடுகிறவரும் இதே மாமாதான். அவர்கள் வரிசையாக நின்று ஓட்டையில் கை வைப்பார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் பி.எம்.பி.ஓ. பற்றிப் பேச மனசு வராது.

போன வாரம் போன் செய்தார். “மாப்ளே, 20,000 வாட்ஸ் வந்திருக்கு, 7.1. உனக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கட்டுமா? உன் வீட்டு ஹால் என்ன அளவு?”

எங்கள் வீட்டில் ஹாலே இல்லை என்று சொல்லிவிட்டேன்.