கேளுங்கள், பற்றவைக்கிறேன்!

● காரில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். எந்த ஸ்டவ் வாங்கலாம்? ஒரே வரியில் சொல்லவும்.
*(அவசரக்காரர், ஈரோடு)*

சூட்கேஸ் போல ஒரு பெட்டி, அதன் பக்கவாட்டில் பியூட்டேன் கேனைப் படுக்கவைத்துப் பூட்டுவார்களே, அந்த கேசட் அடுப்பு. இரண்டாவது வரி வேண்டுமென்றால் அவசரப்படாமல் மேலே படியுங்கள்.

● அது சீனாக்காரன் கண்டுபிடிப்புதானே?
*(பொது அறிவுப் புலி, சேலம்)*

இன்று செய்து குவிப்பது சீனா. ஹோஸ் இல்லாத கேசட் அடுப்பை 1969-லேயே சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் இவாடானி நிறுவனம். மேசை நடுவில் சட்டி கொதிக்க, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆக, இது காட்டுக்குப் பிறந்த பிள்ளை அல்ல, சாப்பாட்டு மேசைக்குப் பிறந்தது. வெட்டவெளியில் காற்றடித்தால் திணறுவது அதனால்தான்.

● அதில் தோசைக் கல் வைக்கலாமா?
*(முறுகல் ரசிகை, கும்பகோணம்)*

கல் பர்னர் பக்கத்தோடு நின்றுகொண்டால் வைக்கலாம். வீட்டில் இருக்கும் பெரிய கல்லை வைத்தால் அது கேன் படுத்திருக்கும் அறைக்கும் சேர்த்துக் கூரை போடும். கல்லின் அனல் கீழே இறங்க, கேன் சூடேற, உள்ளே அழுத்தம் கூடும். இந்த அடுப்புகளில் நடக்கும் விபத்துகளுக்கு இது பேர்போன காரணம்.

அழுத்தம் மிஞ்சினால் கேஸைத் தானாகத் துண்டிக்கும் பொறி நல்ல அடுப்பில் இருக்கும். மலிவு அடுப்பில் அந்தப் பொறி அட்டைப்பெட்டி மேல் மட்டும் இருக்கும்.

● ஒரு கேன் எத்தனை நாள் வரும்?
*(கணக்கு வாத்தியார், விருதுநகர்)*

வாத்தியாருக்குக் கணக்கிலேயே பதில். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கச் சுமார் 314 கிலோஜூல் வேண்டும். ஒரு கிராம் பியூட்டேன் தருவது சுமார் 46. பாதி வீணாகிறது என்று வைத்தாலும் லிட்டருக்கு 14 கிராம். 230 கிராம் கேனில் 16 லிட்டர்.

பாத்திரத்துக்கு மூடி இல்லை, காற்றுக்கு மறைப்பு இல்லை என்றால் என்ன ஆகும்? அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள்.

● ஊட்டியில் பருப்பு வேகவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
*(ஏமாந்த சோணகிரி, திருப்பூர்)*

கடைக்காரரும் நிரபராதி, ஸ்டவ்வும் நிரபராதி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். லடாக்கின் லே நகரில் 88. தீயை எவ்வளவு தூக்கினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவிதான் அதிகம் போகும்.

மருந்து: இரண்டு லிட்டர் குக்கர். மாதக்கணக்கில் ஸ்டவ்வை ஆராய்ந்து வாங்குகிறவர்கள் குக்கரை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

● லடாக்குக்கு பைக்கில் போகிறேன். பியூட்டேன் போதுமா?
*(புல்லட் வாலிபர், கோவை)*

பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. குளிர் அதை நெருங்கும்போதே கேனுக்குள் திரவமாகப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை உழைக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. மலையேறிகள் இவற்றைக் கலந்து அடைத்த, திருகி மாட்டும் குண்டு கேனைத் தேடிப் போவது அதற்காகத்தான்.

ஜூலைப் பகலில் எதுவும் எரியும். விடியற்காலை டீயில்தான் சோதனை. இரவில் கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். வீட்டில் விளக்கம் கேட்டால் என் பெயரைச் சொல்லவேண்டாம்.

● 25 கிராம் எடையில் ஸ்டவ் வந்திருக்கிறதாமே?
*(புதுமை விரும்பி, சென்னை)*

வந்திருக்கிறது. கேன் தலையில் திருகினால் மூன்று குச்சிக் கால்களை விரித்து நிற்கும். அதன் மேல் ஒரு லிட்டர் பாத்திரம் வைத்தால் மரியாதை, குடும்பக் குண்டான் வைத்தால் குப்புற விழும்.

முதுகில் சுமந்து நடப்பவருக்கு அது வரம். நீங்கள் காரில் போகிறவர் என்றால், உங்களையே சுமக்கிற வண்டி ஒன்றரைக் கிலோ அடுப்புக்கா முனகப்போகிறது?

● இரண்டே நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும் என்று உயரமான குவளையோடு ஒன்று விற்கிறார்களே?
*(விளம்பரப் பிரியர், திருநெல்வேலி)*

குவளையின் அடியில் செதில் செதிலாகத் தகடு வைத்திருப்பார்கள். அனலை வீணாக்காமல் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கவைக்க அதை அடிக்க ஆளில்லை. சாம்பார் வைத்தால் அடிப்பிடிக்கும். நூடுல்ஸே உணவு என்று வாழ்கிறவர் வாங்கலாம்.

நமக்கு வேண்டியது சீறும் தீ இல்லை, ‘சிம்’மில் நிற்கிற தீ. கடையிலேயே குமிழைத் திருகி, அணையாமல் எவ்வளவு சின்னதாக எரிகிறது என்று பாருங்கள். எத்தனை வாட் என்று கேட்பதைவிட இது முக்கியம்.

● கார் லைட்டர் சாக்கெட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா?
*(மின்சாரக் கண்ணன், தஞ்சாவூர்)*

12 வோல்ட். பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். பெருக்கினால் 120 முதல் 180 வாட். இண்டக்‌ஷன் கேட்பது அதைப்போலப் பல மடங்கு. அந்த சாக்கெட்டுக்கென்றே விற்கும் குட்டி கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க முக்கால் மணி ஆகும். திண்டிவனத்தில் ஸ்விட்ச் போட்டால் விழுப்புரத்தில் டீ.

வெளியே மின்சாரம் கொடுக்கும் வசதியுள்ள மின்சாரக் கார் என்றால் கதையே வேறு. ஐயோனிக் 5 கொடுப்பது 3.6 கிலோவாட். அதை வைத்திருப்பவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு இண்டக்‌ஷனைச் செருகலாம்.

● ரயிலில் சின்ன ஸ்டவ் கொண்டுபோகலாமா? சும்மா ஒரு டீ போடத்தான்.
*(யாத்திரிகர், ஸ்ரீரங்கம்)*

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி, லக்னோவிலிருந்து வந்தது. உள்ளே விதியை மீறி ஏற்றிய கேஸ் சிலிண்டர். தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். டீ போடத்தான் பற்றவைத்தார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ரயிலில் டீ விற்கிறார்கள். சுமாராகத்தான் இருக்கும், வாங்கிக் குடியுங்கள்.

● விமானத்தில்?
*(அதே யாத்திரிகரின் மைத்துனர், திருச்சி)*

கேஸ் கேன் கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. இறங்குகிற ஊரில் உங்கள் ஸ்டவ்வுக்குப் பொருந்தும் கேன் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு ஸ்டவ்வை வாங்குங்கள். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

● தாத்தாவின் பம்ப் ஸ்டவ் பரணில் இருக்கிறது. எடுக்கலாமா?
*(பேரன், காரைக்குடி)*

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எடுங்கள், பெரிய பரம்பரை அது. ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் உருவாக்கிய பிரைமஸின் வாரிசு. திரி கிடையாது. கெரசினைச் சூடாக்கி ஆவியாக்கி எரிப்பதால் நீலத் தீ, கரி இல்லை. 1911-ல் அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டுபோனது பிரைமஸைத்தான்.

1953 மே 29 காலை, எவரெஸ்ட்டின் கடைசி முகாமில் ஹில்லாரியின் பூட்ஸ் விறைத்துக் கட்டையாகிவிட்டது. ஸ்டவ் தீயில் இரண்டு மணி நேரம் வாட்டித்தான் காலில் ஏற்றினார். அன்றைக்கு உலகிலேயே உயரமான சமையல் அதுதான். ஐட்டம்: பூட்ஸ்.

உங்கள் ஸ்டவ்வில் பம்ப் வாஷர் காய்ந்திருக்கும், மாற்றுங்கள். அடைப்பைக் குத்தும் பின் இருக்கிறதா பாருங்கள். கெரசினுக்கு அலையவேண்டியிருக்கும். அதற்குப் பதில் பெட்ரோல் ஊற்றினால் என்ன என்று இப்போது யோசித்தீர்கள் அல்லவா? கூடாது.

● அந்தக் காலத்தில் பம்ப் ஸ்டவ் அடிக்கடி வெடிக்குமாமே?
*(பேத்தி, அதே வீடு)*

ஆமாம் அம்மா. மருமகள் சமைக்கும்போது மட்டும் வெடித்தது. அதை ஸ்டவ்வின் கோளாறு என்று எழுதிவைத்தார்கள்.

● மழை பெய்தால் டென்ட்டுக்குள் சமைக்கலாமா?
*(நனைந்தவர், நாகர்கோவில்)*

கூடாது. வேனுக்குள்ளும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். வேனின் பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. அதன் கீழே, தரையில் வைத்துச் சமையுங்கள்.

குளிருக்கு இதமாக ஸ்டவ்வை எரியவிட்டுத் தூங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல எனக்கு வராது. செய்யாதீர்கள்.

● காற்றுக்குத் தகடு வளைத்து மறைக்கிறேன். சரிதானே?
*(கைவேலைக்காரர், பழனி)*

கேன் தனியாகக் குழாயின் மறுமுனையில் இருந்தால் தாராளமாக. கேன் தலைமேலேயே பர்னர் உட்காரும் ஜாதி என்றால், சுற்றிலும் அடைக்காதீர்கள். அனல் வெளியே போகாமல் கேனைச் சுடும். வண்டியின் மறைவில் வைப்பதே மேல். பெட்ரோல் மூடி இல்லாத பக்கம் என்பதையும் சொல்லித்தொலைக்க வேண்டியிருக்கிறது.

● எட்டுப் பேர், பத்து நாள், ஒரு வேன். கேன் கட்டுப்படியாகுமா?
*(குழுத் தலைவர், நாமக்கல்)*

ஆகாது. 5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள். இந்தியன் ஆயிலில் ‘சோட்டு’ என்று கேட்டால் தருவார்கள், பெட்ரோல் பங்குகளிலும் விற்கிறார்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும்.

நிமிர்த்திக் கட்டிவையுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்ட பிறகே வண்டி நகரவேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் வேனின் தரையில் தேங்கி நெருப்புக்குக் காத்திருக்கும்.

● காலி கேனில் மறுபடி கேஸ் நிரப்பித் தருகிறார் எங்கள் தெருக்காரர். பாதி விலைதான்.
*(சிக்கனச் சிங்கம், மதுரை)*

ஒருமுறைக்கென்று செய்த தகடு, ஒருமுறைக்கென்று செய்த வால்வு. தெருக்காரரிடம் பாதி விலை, தீக்காய வார்டில் முழு விலை.

● கேனை டிக்கியில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகலாமா?
*(பக்தர், காஞ்சிபுரம்)*

50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று கேனிலேயே அச்சடித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் பூட்டிய கார் அதைச் சுலபமாகத் தொடும். நிழலில் நிறுத்துங்கள். டேஷ்போர்டில் வைப்பவருக்காக நானும் ஒரு அர்ச்சனை செய்கிறேன்.

● முதுமலையில் ஓரமாக நிறுத்தி ஒரு உப்புமா?
*(இயற்கை உபாசகர், ஓசூர்)*

சரணாலயத்தில் அதற்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உப்புமாவுக்கு விதிவிலக்கு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் யானை அதைப் படிப்பதில்லை.

● எல்லாருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் பையில் என்ன இருக்கும்?
*(வாயைக் கிளறுபவர், புதுச்சேரி)*

கேசட் அடுப்பு, இரண்டு கேன், இரண்டு லிட்டர் குக்கர், மூடியுள்ள ஒரு பாத்திரம். கூடவே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கோவில்பட்டித் தீப்பெட்டி. எந்த ஸ்டவ்விலும் முதலில் மண்டையைப் போடுவது அந்த ‘டிக்’ என்னும் ஆட்டோ இக்னிஷன்தான்.