பைப் மாறினால் ஜெட்டும் மாற வேண்டுமா?

கேள்வி: என் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலுக்கு வேறு கம்பெனி எக்ஸாஸ்ட் பைப் மாட்டினேன். சத்தம் ஜோர்! கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றச் சொல்கிறார்களே, அவசியமா?

பதில்: சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள், பிஸ்டன் உருகுவதற்கு முன்பும் அதே ஜோர்தான்! புது பைப் வந்ததும் இன்ஜின் பெரும்பாலும் கூடுதல் காற்றை இழுக்கும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வந்தால் கலவை வறண்டு சூடேறும். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போவதால், வறட்சி நேரே பிஸ்டனைத்தான் கடிக்கும்.

பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஜெட்டின் துளைதான் தீர்மானிக்கிறது; முக்கால் த்ராட்டிலுக்கு மேல் ஆட்சி செய்வது மெயின் ஜெட். எண் பெரிதானால் துளையும் பெரிது. முதலில் பெரிய ஜெட்டைப் போட்டு, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். முழு த்ராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இளம்பழுப்புதான் நமக்கு வேண்டிய நிறம்.

இன்னொன்று, குளிர். மைனஸ் 5 டிகிரியில் சரியாக இருந்த ஜெட், மைனஸ் 30-இல் போதாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மலை ஏறினால் நேர்மாறு, சிறிய ஜெட் வேண்டும். கியூபெக்கின் சமவெளியில் வைத்த அளவோடு ராக்கி மலைக்குப் போனால் வண்டி புகை கக்கித் திணறும்.

பைப் தயாரித்தவர் தரும் ஜெட் அட்டவணையை வாங்கி, அதிலிருந்து தொடங்குங்கள். பைப் மாறினால் இன்ஜின் சுழலும் வேகமும் மாறலாம் என்பதால், கிளட்ச் வெயிட்டையும் கூடவே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.