எலிவேஷன் பேராண்டி

வா பேராண்டி, இப்படி உக்காரு. திண்ணை இருக்கிற வரைக்கும் உக்காந்துக்குவோம். அந்த போனைக் குடு, கான்ட்ராக்டர் அனுப்பின எலிவேஷன் படத்தை, அதான் வீட்டோட புது முகப்பைப் பாக்கறேன்.

அடேங்கப்பா! இது நம்ம வீடா? சாம்பல் கலர்ல ஒரு பொட்டி, அதும்மேல ஆரஞ்சுல ஒரு பட்டை, நடுவுல மரம் மாதிரி டைல்ஸ், கூரைக்கு அடியில நீல விளக்கு. வாசல்ல ஒரு வெள்ளைக்கார அம்மா நாயைப் புடிச்சிகினு போவுது. அது எந்தத் தெரு? எனக்குத் தெரிஞ்சி கருங்குழியில அப்படி யாரும் இல்ல. எஸ்டிமேட்டுல அந்த நாயும் சேத்தியான்னு இப்பவே கேட்டுக்கோ. அப்புறம் வந்து, நாய் எக்ஸ்ட்ரா சார்ம்பான்.

கோவிச்சிக்காதடா. செய், தாராளமா செய். ஊரே செய்யுது. தாம்பரத்துலேர்ந்து ஜிஎஸ்டி ரோட்டுல பஸ்ல வர்றப்ப ரெண்டு பக்கமும் பாக்கறேனே. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கபெருமாள் கோயில்னு ஊரு பேருதான் மாறுது, வீட்டு மூஞ்சி மாறலை. அதே சாம்பல், அதே ஆரஞ்சு. கொஞ்சம் கண்ணசந்து முழிச்சா எந்த ஊர்ல கீறோம்னு கண்டக்டரைத்தான் கேக்கணும். நம்ம கருங்குழி மட்டும் இளப்பமா இன்னா? கும்பினிக்காரன் காலத்துல கொஞ்ச நாள் ஜில்லாவுக்கே தலைமையிடமா இருந்த ஊரு இது. (வள்ளலார் தண்ணியில விளக்கு எரிய வச்ச கருங்குழி வேற, அது வடலூர்ப் பக்கம். அதைத் தேடிகினு இங்க வந்து நிக்கறவங்களுக்கு நான் முதல்ல மோரைக் குடுத்துட்டு, அப்புறம்தான் விஷயத்தைச் சொல்றது.)

இந்தத் தேக்குத் தூணைக் கழட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போடலாம்னியே, போடு. எடை போட்டு எடுத்துக்குவான். காரைக்குடியில இந்த மாதிரித் தூணு, நிலைக்கதவு, ஊஞ்சப் பலகை விக்கறதுக்குன்னே கடைங்க வரிசையா கீது. அங்கேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில எதுனா ரிசார்ட்டுக்குப் போவும். உன் சம்சாரத்தோட பொறந்த நாளைக்கு நீ அங்க ரூம் போடுவே. அவ தூண்ல சாஞ்சி நின்னு போட்டோ எடுத்து, 'எவ்ளோ அழகா கீது பாருங்க'ம்பா. நீ ஆமாம்பே. நம்ம வீட்டுத் தூணுதான்னு உனக்குத் தெரியாது, பெயின்ட்டு அடிச்சிருப்பான்.

அவ்ளோ செலவு வேணாம்னா முட்டுக்காட்டுல தட்சிணசித்ராவுக்கு இட்டுனு போ. 1996-ல தொறந்தாங்க. லாரி பேக்கர்னு ஒரு கட்டடக் கலைஞர் யோசனையில அமைஞ்ச இடம். அங்கங்க ஊர்ல இடிக்க இருந்த பழைய வீட்டையெல்லாம் தூணு தூணா, ஓடு ஓடா கழட்டி லாரியில ஏத்திகினு வந்து திரும்ப நிக்க வச்சிருக்காங்க. செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளி வீடுன்னு எல்லாம் கீது. டிக்கெட்டு வாங்கிகினுதான் உள்ள போவணும். போனவன் எல்லாம் நேரா திண்ணையில போய் உக்கார்றான். நம்ம திண்ணையில நான் யாருக்கும் டிக்கெட்டு போடலை, அதான் மரியாதை இல்லாமப் போச்சி போல.

மரம் மாதிரி டைல்ஸ், கல்லு மாதிரி டைல்ஸ்னு சொன்னியே, அது ஒண்ணும் புதுசு இல்ல. மாமல்லபுரத்துல ஐந்து ரதம் பாத்திருக்கே இல்ல? அதுல ஒரு ஓரமா சின்னதா நிக்குமே, திரௌபதி ரதம். 7-ஆம் நூற்றாண்டுல பல்லவ ராஜா முழுப் பாறையில வெட்ட வச்சது. பாறையில இன்னா வெட்டினான்? கூரை வீடு! நாலு பக்கமும் வளைஞ்சி எறங்குற அசல் குடிசை. கருங்கல்லை வச்சிகினு அவன் குடிசைக்கு ஆசைப்பட்டான். நிஜமான ஓட்டு வீட்டை வச்சிகினு நீ கருங்கல்லு மாதிரி தெரியணும்னு ஆசைப்படறே. நடுவுல ஆயிரத்து முந்நூறு வருஷம், ஆசை அதேதான். அவன் வெட்டினது நிக்குது. உன் டைல்ஸ் பசை எத்தினி வருஷம் நிக்கும்னு வாரண்டி கார்டுல பொடி எழுத்துல போட்டிருப்பான், கண்ணாடியை எடுத்துகினு வா, படிச்சிச் சொல்றேன். ஒண்ணு மட்டும் கவனம். அந்த ரதங்களையும் முழுசா முடிக்காமத்தான் விட்டுட்டுப் போனாங்க. உன் கான்ட்ராக்டர் அந்த வம்சமா இருந்துடப் போறான்.

அங்க சிற்பத்துக்குப் பக்கத்துல வீடு வச்சிருக்கறவன் நெலமை பாவம். 2010-ல சட்டத்தைத் திருத்தினதுலேர்ந்து நினைவுச்சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா ஒண்ணும் கட்டக் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கித்தான் கட்டணும். சுவத்தை ரிப்பேர் பண்ணவே மனு போடணும். நீ குடுத்து வச்சவன், உனக்குத் தடை சொல்ல இந்தக் கெழவன் ஒருத்தன்தான். 2019 அக்டோபர்ல மோடியும் சீன அதிபரும் வந்தாங்களே, அப்ப அந்த ஊருக்கே எலிவேஷன் போட்டாங்க. சுவத்துக்கெல்லாம் பெயின்ட்டு, காயும் பழமுமா ஒரு அலங்கார வளைவு. நியாயம்தான், அவ்ளோ பெரிய விருந்தாளி வர்றப்ப மூஞ்சி கழுவ வேணாமா? நம்ம வீட்டுக்கு யாரு வரா? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஈபி ஆளு வரான். அவனும் மீட்டரைத்தான் பாக்கறான்.

சரி, மூஞ்சியை விடு. எறங்கிப் போய் வாசப்படியைப் பாரு. உங்கப்பன் தவழ்ந்த காலத்துல தெருவுலேர்ந்து அஞ்சு படி ஏறினாத்தான் திண்ணை. இப்ப இன்னா நிக்குது? ஒண்ணரை. மீதியெல்லாம் ரோட்டுக்கு அடியில கீது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாம அதும்மேலயே புதுசு போட்டுகினு வந்தா ரோடு வளராம இன்னா செய்யும்? 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் ரோடு போடணும், இல்லேன்னா வீடெல்லாம் பள்ளத்துல போயிடும்னு உத்தரவு போட்டாரு. நல்ல உத்தரவு. ஆனா அதுக்கு முன்னாடியே முழுகின படி திரும்பி வரவா போவுது? ஐப்பசி மழையில தெருத் தண்ணி உள்ள வந்து பாக்குது. மெட்ராஸ்ல இதுக்குன்னு வீட்டையே ஜாக்கி வச்சித் தூக்கறாங்களாம். உன் படத்துல மழைத்தண்ணி எங்க ஓடுதுன்னு தேடித் தேடிப் பாக்கறேன், நீல விளக்குதான் தெரியுது. வாசலுக்குக் கிரானைட் போடப் போறியாமே, போடு. வர்ற தண்ணிக்கும் வழுக்கிகினு வர வசதியா இருக்கும்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது, மதுராந்தகம் ஏரிக்கரை வருஷா வருஷம் ஒடைஞ்சிகினு இருந்தப்ப பிளேஸ்னு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இருந்தான். ஏரிகாத்த ராமர் கதையை உங்க ஆயா ஆயிரம் தடவை சொல்லியிருப்பா. ராமரும் லட்சுமணரும் வில்லோட கரையில நின்னதை அவன் பாத்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனா அவன் முதல்ல கரையைத்தான் கட்டினான், அப்புறம்தான் தாயார் சன்னதி.

இப்ப சுவத்துக்கு வா. இங்க கட்டைவிரலை வச்சி அழுத்து. ஒண்ணும் ஆவலை இல்ல? சுண்ணாம்புப் பூச்சு, என்னைவிட வயசு ஜாஸ்தி. இதுக்கு நேரா கீழ, உங்கப்பன் சிமென்ட்டு பூசி பெயின்ட்டு அடிச்ச எடத்துல அழுத்து. பாத்தியா, அப்பளம் மாதிரி நொறுங்குது. உள்ள வெள்ளையா கையில ஒட்டுதே, அது உப்பு. பழைய சுவத்துக்கு அடியில ஓதம் தடுக்க ஒண்ணும் கெடையாது. தரையிலேர்ந்து ஈரம் ஏறிகினேதான் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளிய வுட்டுடும், உப்பு மேலால பூத்தாலும் தொடைச்சிட்டுப் பொங்கலுக்கு ஒரு கோட்டு வெள்ளை அடிச்சா முடிஞ்சிது. சிமென்ட்டு, பட்டி, பெயின்ட்டுன்னு மூணு சட்டை போட்டு மூடிட்டா ஈரம் எங்க போவும்? உள்ளயே உக்காந்துக்குது, அது கொண்டாந்த உப்பு பூச்சையே தள்ளுது. இதை உன் கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லாத. அதுக்கு மேல ஒரு வாட்டர்ப்ரூஃப் கோட்டு அடிக்கலாம் சார்னு நாலாவது சட்டைக்கு அளவு எடுப்பான்.

அப்புறம் அந்த ஏசிபி ஷீட்டு. அலுமினியத் தகடு ரெண்டுக்கு நடுவுல பிளாஸ்டிக்கு. நம்ம வீடு மேக்கால பாத்த வீடு. சாயங்கால வெயில் முழுசும் அதுலதான் விழும். இப்ப அந்த வெயிலைச் சாய்ப்பு தடுக்குது, அதை எடுத்துட்டுத் தகடும் கண்ணாடியும் மாட்டுவே, அப்புறம் சூடுன்னு ஏசி வாங்குவே, அந்த ஏசி டப்பாவை மறைக்க இன்னொரு ஷீட்டு மாட்டுவே. தகட்டுக்குப் பின்னால புறா குடி வரும். வாடகை கேக்க முடியாது. லண்டன்ல கிரென்ஃபெல்னு ஒரு அடுக்குமாடி, பழைய கட்டடம்தான், புதுப்பிக்கறோம்னு அந்த மாதிரி ஷீட்டைச் சுத்திப் போத்தினாங்க. 2017 ஜூன்ல ஒரு வீட்டு சமையல்கட்டுல புடிச்ச தீ அந்த ஷீட்டு வழியா மேல ஏறி 72 பேர் செத்தாங்க. இதுல கேலி பண்ண எனக்கு ஒண்ணும் இல்ல. வாங்கித்தான் தீருவேன்னா, நடுவுல இருக்கறது தீப்புடிக்காத ரகமான்னு கடைக்காரன்கிட்ட எழுதி வாங்கு.

பின்ன பழைய வீட்டை அப்படியே வுட்டுடறதான்னு கேக்கறே. நான் எப்ப சொன்னேன்? பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறு. அங்க தமிழர் பகுதியில வைசியாள் வீதின்னு ஒண்ணு. கால்வே சுப்புராயச் செட்டி வீதின்னும் சொல்லுவாங்க. அந்தத் தெருவுல பல வீட்டு முகப்பு பழசை விட்டு மாறிக் கெடந்தது. பழைய கட்டடங்களைக் காப்பாத்தற இன்டாக் அமைப்பு ஆளுங்க ஐரோப்பிய ஒன்றிய உதவியோட தெருவை ஒட்டின தாழ்வாரம், மரத்தூணு, ஓட்டுச் சாய்ப்புன்னு வரிசையா திரும்ப எடுத்துக் கட்டினாங்க. 2008-ல யுனெஸ்கோ விருது குடுத்தது. உள்ள மிக்ஸி, ஃபிரிட்ஜு, ஏசி எல்லாம் ஓடுது, எவனும் விறகு அடுப்புல ஊதிகினு உக்காந்திருக்கல. மாத்தினது தெருவுக்குத் தெரியற பக்கம்தான், அதையும் பழைய மாதிரிக்குக் கொண்டுபோயித்தான் மாத்தினாங்க. விருதுக்கு அப்ளிகேஷன் போடச் சொல்லலை உன்னை. கருங்குழிக்கு யுனெஸ்கோ வந்தா டீ வாங்கிக் குடுக்க என்கிட்ட காசு இல்ல.

லோன் காசு மிச்சம் இருந்தா ஓட்டை எறக்கிக் கழுவி, ஒடைஞ்சதை மாத்தி, ரீப்பரு கரையான் அரிச்சதைப் புதுசு போடு. சுத்தி வாய்க்கா எடு. சிமென்ட்டு பூசின எடத்தைச் செதுக்கிட்டு சுண்ணாம்பு பூசு. சுண்ணாம்புக் கொத்தனார் கெடைக்கலைன்னு சொல்லுவே, கெடைப்பான், கூலி கூடக் கேப்பான், குடு. தூணுக்கு எண்ணெய் போடு. கலர் வேணுமா, நீல விளக்குகூட ஒண்ணு மாட்டிக்கோ, கொசுவாவது ரசிக்கும்.

இதெல்லாம் கெழவன் பேச்சு, தள்ளு. நாளைக்கு அட்வான்ஸ் வாங்கக் கான்ட்ராக்டர் வரான் இல்ல? மதியம் ரெண்டு மணிக்கு மேல வரச் சொல்லாத, அவன் அந்நேரம் கெடைக்கமாட்டான். மதுராந்தகத்துல அவங்கப்பாரோட ஓட்டு வீடு ஒண்ணு கீது, அந்தத் திண்ணையிலதான் துண்டை விரிச்சிப் படுத்திருப்பான்.