பின்னால் ஓர் எழுத்து

போன வாரம் ஒரு செயற்கை நுண்ணறிவு இக்கட்டுரையாளருக்கு ‘பேப்பர்லெஸ்-என்ஜி’யைப் பரிந்துரைத்தது. தயக்கமே இல்லை. வீட்டு சர்வரில் ஆவணங்களை வைத்துக்கொள்ள இன்றைய தேதியில் இதுதான் சிறந்தது என்று தடித்த எழுத்தில் போட்டு, கீழே ஓர் அட்டவணை, அட்டவணை நிறையப் பச்சை டிக். அந்த மென்பொருளை எழுதியவர் 2021-க்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எந்த மென்பொருளை எடுப்பது என்பதும் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும். முதலில் கோபம்.

பட்டா, வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரம், எப்போதோ வாங்கிய கிரைண்டரின் வாரண்டி அட்டை எல்லாம் ஒரே ஜவுளிக்கடைப் பையில் பீரோவுக்கு மேல் கிடக்கின்றன. வாசகர் வீட்டில் கடை வேறாக இருக்கலாம், பை இருக்கும். அந்தப் பையை ஒழிப்பதற்காகத்தான் கட்டுரையாளர் சர்வர் வாங்கினார். சர்வருக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு யுபிஎஸ், யுபிஎஸ் வைக்க ஒரு ஸ்டூல். அது இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கிறது. பை இறங்கவில்லை. காரணம் கேட்டால், இன்னும் மென்பொருள் முடிவாகவில்லை என்பார்.

என்ஜி விவகாரத்துக்கு வருவோம். முதலில் பேப்பர்லெஸ் என்று ஒன்று இருந்தது; ஒருவர் தன் வீட்டுக் காகிதத் தொல்லை பொறுக்காமல் எழுதியது. அது தளர்ந்தபோது, 2020-ல் இன்னொருவர் அதைப் பிரித்தெடுத்து, பின்னால் ‘என்ஜி’ என்று இரண்டு எழுத்துச் சேர்த்து, புதுப்பொலிவோடு நடத்தினார். அடுத்த ஆண்டே அவரும் ஓய்ந்துவிட்டார். 2022-ல் பயனர்களே கூடி, இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ்’ ஆக்கினார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1949-ல் தி.மு.க.; 1972-ல் முன்னால் ஒரு ‘அ’; 1994-ல் ஒரு ‘ம’; 2005-ல் ஒரு ‘தே’, கூடவே எழுத்துகளின் வரிசையும் இடம் மாறியது; 2018-ல் திராவிடத்தையே விட்டுவிட்டு அ.ம.மு.க. நம்மூரில் எழுத்து முன்னால் சேரும், மென்பொருளில் பின்னால் சேரும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். பிரிந்தவர்தான் உண்மையான வாரிசு என்பார். இருந்தவர் அலுவலகச் சாவி என்னிடம் என்பார். என்ஜிஎக்ஸ் பிறந்த கதையும் அதுதான்: மூலநிரல் இருந்த பழைய ரெப்போவின் சாவி பழையவரிடமே இருந்ததால் புது விலாசத்தில் கொட்டகை போட்டார்கள். இனி எல்லாப் பாரமும் ஒரே ஆள் தலையில் விழக்கூடாது, குழுவாக நடத்துவோம் என்று முகப்பிலேயே எழுதியும் வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிகளைப் பார்த்துவிட்ட ஊரில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் புன்னகை வரத்தான் செய்யும். ஆனால் அங்கே அது ஒழுங்காக நடக்கிறது.

மென்பொருள் உலகின் பெரிய வீடுகளில் இதைவிடப் பெரிய பிளவுகள். ஓன்கிளவுடைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக் 2016-ல் தானே வெளியேறி நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்கினார். தலைவரே தன் கட்சியிலிருந்து பிரிந்துபோவது நம்மூரிலும் அபூர்வம். ஓப்பன்ஆபிஸில் இருந்தவர்கள் 2010-ல் லிப்ரேஆபிஸுக்குப் போனார்கள். பழைய பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்கு மாறியது. சின்னம் ஓரிடத்தில், தொண்டர் ஓரிடத்தில். வாரிசு அரசியல் வேண்டுமா? மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் பெயரில் உள்ள ‘மை’, அதை உருவாக்கிய பின்லாந்துக்காரர் மான்ட்டி விடேனியஸின் மூத்த மகள் பெயர். அது ஆரக்கிளின் கைக்குப் போகப்போகிறது என்றதும் 2009-ல் அவர் பிரித்தெடுத்த மரியாடிபியில் இருப்பது இளைய மகள் பெயர். மூத்தவள் கம்பெனியோடு போனாள், இளையவளை வைத்துக் கட்சி தொடங்கினார். என்ஜிஎக்ஸை நிறுவும்போது பின்னணியில் மரியாடிபியை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இந்தக் குடும்பக் கதை கட்டுரைக்குத் தேவையானதே.

சின்னத்தைச் சொல்லாமல் பிளவைச் சொல்ல முடியாது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் இரட்டை இலை முடங்கியதால் 1989-ல் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. 2017-ல் மறுபடி முடங்கியபோது ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஒரு பக்கம் மின்கம்பம், ஒரு பக்கம் தொப்பி. அந்தத் தேர்தல் ரத்தாகி, மறுபடி வந்தபோது தொப்பி குக்கராகியிருந்தது, குக்கரே ஜெயித்தது. வாக்குச்சாவடியில் நின்ற பாட்டிக்குக்கூட இந்த மாற்றமெல்லாம் அன்றன்றே தெரிந்திருந்தது. உலகத்து எழுத்தையெல்லாம் விழுங்கியதாகச் சொல்லப்படும் இயந்திரத்துக்கு மட்டும் என்ஜி கலைந்த சேதி போய்ச் சேரவில்லை.

போய்ச் சேராததற்குக் காரணம் உண்டு. 2020, 2021-ல் என்ஜியைப் பாராட்டி உற்சாகமாக எழுதியவர்கள் நிறைய. இயந்திரம் அதையெல்லாம் படித்தது. எந்தப் பெயர் அதிகம் கண்ணில் பட்டதோ அதற்கே ஓட்டு. கலைந்துபோனதை யாரும் அவ்வளவு உற்சாகமாக எழுதுவதில்லை. கட்டுரையாளர் ‘அது நின்றுபோய்விட்டதே’ என்று கேட்டதும், ‘மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள்’ என்று பாராட்டிவிட்டு, அடுத்த அட்டவணையில் சிஸ்மிக்ஸ் டாக்ஸை முதலிடத்தில் வைத்தது. அது டீடி என்று பெயர் மாற்றிக்கொண்டு பல காலம் ஆகிறது.

கலைந்த கட்சியாவது ஒருகாலத்தில் இருந்தது. இல்லாத கட்சிக்கும் இந்த இயந்திரங்கள் ஆள் பிடித்துத் தரும். பைத்தானில் நிரல் எழுதுவோரிடம் ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற பொதியை நிறுவச் சொல்லி அவை சிபாரிசு செய்துகொண்டிருந்தன. அந்தப் பெயரில் அப்போது ஒரு பொதியே கிடையாது. 2023 இறுதியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று, அதே பெயரில் ஒரு காலிப் பொதியை ஏற்றி வைத்தார். மூன்றே மாதத்தில் 30,000-க்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள். லெட்டர் பேடு கட்சிக்குக்கூட லெட்டர் பேடு அச்சடிக்கக் காசு வேண்டும். இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. அந்த ஆய்வாளர் நல்ல மனிதர், உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. வேறு யாராவது வைத்திருந்தால், இத்தனை பேர் வீட்டு வாசலைத் தாங்களே திறந்துவிட்டிருப்பார்கள்.

ஒருவழியாக என்ஜிஎக்ஸ் உள்ளே வந்தது. அதற்கு நல்ல கையேடு ஒன்று இருக்கிறது. பொறுமையாக, ஒழுங்காக எழுதப்பட்ட கையேடு. யாரும் அதைப் படிப்பதில்லை. கையேட்டை எழுதியவர் உட்கார்ந்து எழுதியது எல்லாருக்குமாக. அதே சேதியைத் தனக்கென்று தனியாக, தன்னை இரண்டு வரி புகழ்ந்துவிட்டு, யாராவது சொன்னால்தான் இந்தக் காலத்து மனிதருக்கு இறங்குகிறது. கட்டுரையாளருக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. கையேட்டை அவரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

படித்திருந்தால், ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆருக்கு ‘ஓசிஆர் லாங்குவேஜ்’, ‘ஓசிஆர் லாங்குவேஜஸ்’ என்று இரண்டு அமைப்புகள் தனித்தனியாக இருப்பது தெரிந்திருக்கும். கடைசி எழுத்து உள்ளது, தமிழுக்கான கோப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். அது இல்லாதது, சேர்த்த தமிழைப் படிக்கச் சொல்லும். ஒன்றை மட்டும் எழுதினால் வேலை நடக்காது. இங்கேயும் பின்னால் ஓர் எழுத்துதான். இயந்திரம் ஒன்றை மட்டும் எழுதித் தந்தது.

தமிழில் இதற்கு மேலும் ஒரு சங்கடம். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்கும்வரை ஆளுக்கொரு எழுத்துரு. பிறகும் பலர் பழையதை விடவில்லை. அப்படித் தயாரான பிடிஎஃப் கண்ணுக்குச் சுத்தத் தமிழாகத் தெரியும். அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. என்ஜிஎக்ஸின் இயல்பான ஏற்பாட்டில், பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் அது ஓசிஆர் செய்யாது. இருக்கும் எழுத்தையே எடுத்துத் தேடல் பட்டியலில் போட்டுவிடும். இயந்திரத்திடம் கேட்டபோது ‘ரீடூ’ முறைக்கு மாற்றச் சொன்னது. அந்த முறை, முன்பு யாரோ ஓசிஆர் செய்து ஒளித்துவைத்த எழுத்தை மட்டும்தான் மாற்றும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தொடாது. பக்கத்தையே படமாக்கி முதலிலிருந்து படிக்கும் ‘ஃபோர்ஸ்’ முறைதான் வேண்டும், அதில் கோப்பும் ஊதிப்போகும். இதுவும் கையேட்டில் இருக்கிறது.

‘ஃபோர்ஸ்’ முறைக்கு மாறும்வரை, பாமினி என்ற பழைய எழுத்துருக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி. பாமினியில் ‘மனை’ என்று அடிக்க விசைப்பலகையில் தட்ட வேண்டியவை கே, ஐ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். தேடல் பெட்டியில் அதையே தட்டினால் போதும். கட்டுரையாளர் தட்டிப் பார்த்தார். மனை விற்பனை அறிவிப்பு வந்தது. கூடவே, குழந்தைகள் பல் மருத்துவமனையின் ஆங்கில பில்களும்.