யானையைச் சும்மா விடு மருமவனே

மருமவனே, புத்திமதி சொல்லுத வியாதி நம்ம வம்சத்துக்கே உண்டு. எனக்கு அது அறுவது வயசுக்கு மேலதான் வந்துச்சு. உனக்கு மீசை நரைக்கதுக்கு முன்னாலயே வந்துட்டு. அதான் கவலையா இருக்கு.

பிள்ளைக்கு எல்மர் கதை படிக்கேன்னு உக்காருத. நல்ல காரியம். ஆனா பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, ‘பாத்தியா தங்கம், நெறம் முக்கியமில்ல, மனசுதான் முக்கியம், நாம எப்பவும் நாமளா இருக்கணும்’னு பிரசங்கம் பண்ணுத. பிள்ளை கொட்டாவி விடுது. அந்தப் புஸ்தகத்துல யானைக அம்புட்டும் சிரிக்கு. உன் வீட்டுல ஒரு ஆளும் சிரிக்கக் காணோம். எங்கயோ இடிக்குல்லா?

இங்கிலாந்துக்காரன் எழுதுன யானைக்கதை இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பேரம்பேத்தி புஸ்தகத்தைத் திருட்டுத்தனமாப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. படம் நெறய, எழுத்துக் கம்மி, அந்த எழுத்தும் பெருசு. கண்ணாடியத் தேட வேண்டாம். அது பிள்ளைகளுக்குன்னு போட்டதுங்கிறத நான் நம்பல.

மொதல்ல கதைய ஒழுங்காக் கேளு. ஒரு யானைக்கூட்டம். கெழடு, குட்டி, நெட்டை, குண்டு, ஒல்லி எல்லாம் அதுல உண்டு. நெறம் மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணு. எல்மர் ஒருத்தன்தான் கட்டம் கட்டமா ஒட்டுப்போட்ட யானை. மஞ்சள், ஆரஞ்சு, செவப்பு, ரோசு, ஊதா, நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளைன்னு ஒம்பது நெறமும் அவன் உடம்புல இருக்கு. கூட்டத்துல எங்கயாவது சிரிப்புச் சத்தம் கேட்டா, அதுக்கு மூலகாரணம் அவனாத்தான் இருப்பான். ஒரு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரல. நம்ம ஒருத்தன்தான் இப்படிப் பொறந்திருக்கோம், அதான் எல்லாரும் நம்மளப் பாத்துச் சிரிக்காகன்னு ஒரு நெனப்பு. மத்த யானைக முழிக்கதுக்கு முன்னால, யாருகிட்டயும் சொல்லாமக் கெளம்பிட்டான். யானை நெறத்துல பழம் காய்ச்ச புதரு ஒண்ணத் தேடிப் பிடிச்சு, உலுக்கி, உதுந்த பழத்துமேல விழுந்து பொரண்டான். எந்திரிச்சா ஆளு சாம்பல்.

பழத்துல பொரண்டா நெறம் மாறுமான்னு கேக்காத. கென்யாவுல சாவோன்னு ஒரு காடு. அங்க மண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். அதுல பொரண்டு பொரண்டு அந்தக் காட்டு யானைகளும் செவப்பாத்தான் திரியுது. நெசமான யானைக்கே நெறம் அது பொரளுத மண்ணப் பொறுத்துதான்.

போகும்போது ‘வணக்கம் எல்மர்’னு பேரச் சொல்லிக் கூப்பிட்ட மிருகமெல்லாம், வரும்போது ‘வணக்கம் யானையாரே’ங்கு. ஆளு அதேதான். பேரு போச்சு.

இங்ஙனதான் நீ கோட்டை விடுத. அவன நெறத்த மாத்தச் சொன்னது யாரு? ஒரு யானையும் சொல்லல. கூட்டம் அவன் பண்ணுன வேடிக்கைக்குத்தான் சிரிச்சுச்சு. அவன் தோலப் பாத்துச் சிரிச்சதா அவனே நெனச்சுக்கிட்டான். நடுராத்திரியில தூக்கம் வராமப் படுத்துக்கிட்டு எவன் கணக்குப் போட்டாலும் விடை தப்பாத்தான் வரும். நீ என்னடான்னா, ‘மத்த யானையெல்லாம் எல்மர ஒதுக்கிருச்சு’ன்னு பிள்ளைகிட்ட அவதூறு சொல்லுத. அந்தக் கூட்டம் உன் மேல மானநஷ்ட வழக்குப் போட்டா மாமன் சாட்சிக்கு வரமாட்டேன். யானை பக்கம்தான் நிப்பேன்.

மேல கேளு. சாம்பல் பூசிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள போய் நிக்கான். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. நெனச்சது நடந்துட்டு. சந்தோசப்படணும்லா? படல. என்னமோ கொறையுதேன்னு சுத்திப் பாக்கான். காடு அதே காடு, வானம் அதே வானம். ஆனா ஒரு யானை மூஞ்சியிலயும் சிரிப்பில்ல. எல்லாம் எழவு வீட்டுல நிக்க மாதிரி வெறச்சுப்போய் நிக்கு. அந்த லட்சணத்தப் பாக்கப் பாக்க அவனுக்கே சிரிப்பு முட்டுது. அடக்கமாட்டாம, தும்பிக்கையத் தூக்கி, ‘பே...!’ன்னு ஒரு கத்து. யானைக நாலாபக்கமும் துள்ளி விழுந்துச்சு. பெறவுதான், இது எல்மரத் தவிர வேற எவனும் இல்லன்னு தெரிஞ்சு, கண்ணுல தண்ணி வர சிரிச்சுச்சு. அப்பப் பாத்து மழை. சாயம் வெளுத்துட்டு.

ஒரு கெழட்டு யானை என்ன சொல்லுச்சு தெரியுமா? அவன் பண்ணுன வேடிக்கையிலயே இதுதான் ஒசத்தின்னுச்சு. ஒடனே இன்னொரு யானை, இத வருசா வருசம் கொண்டாடணும்னுச்சு. அன்னிக்கு ஒருநாள் நாமெல்லாம் வர்ணம் பூசிக்கிடணும், எல்மர் மட்டும் சாம்பல் பூசிக்கிடணும்னு ஏற்பாடு. கவனிச்சியா, பேச்ச ஆரம்பிச்சது ஒரு கெழடு. கெழவன் பேச்சக் கேட்டா ஊரு சிரிச்சுக்கிட்டு இருக்கும்ங்கிறதுக்கு இதவிட என்ன அத்தாட்சி வேணும்?

இதுல இன்னொரு குறும்பு இருக்கு. எல்லாரும் கலரா நிக்க நாள்ல, சாம்பலா நிக்கவன்தானே தனியாத் தெரிவான்? ‘எல்லாரும் சமம்’னு நீ சொல்லுத பாடத்த அந்த யானைக பாதியிலயே கவுத்துப்போட்டுட்டு. நீ கடைசிப் பக்கத்த ஒழுங்காப் பாத்திருந்தா வாய மூடியிருப்ப.

சரி, இப்ப உன் பிரசங்கத்துக்குத் தோதா ஒரு சேதியும் சொல்லுதேன். இந்த யானைய உண்டாக்குன டேவிட் மெக்கீ, 1935-ல டெவன் பக்கம் டாவிஸ்டாக்குங்குற ஊர்ல பெறந்தவரு. பிளிமத்துல ஓவியம் படிச்சாரு. பத்திரிகைக்குக் கேலிப்படம் போட்டாரு. அவரு கட்டுன பொண்ணு ஆங்கிலோ இந்திய வம்சம். ஒருநாள் மகளக் கூட்டிக்கிட்டுத் தெருவுல போகும்போது, ஒரு பையன் அந்தச் சின்னப்பிள்ளையோட தோல் நெறத்தக் காட்டி, வாயில வைக்கக் கூடாத ஒரு இழிசொல்லச் சொல்லிட்டான். தகப்பன் மனசுல அது தங்கிட்டு. எல்மர் எங்கேருந்து வந்தான்னு பின்னால கேட்டவுககிட்ட இந்தச் சேதியச் சொல்லியிருக்காரு. அந்தக் கட்டம் கட்டமான வர்ணத்துக்கு மட்டும் பால் கிளேங்குற ஓவியர் மேல இருந்த பிரியம் காரணம்.

இப்ப யோசி. இந்த வேதனை உனக்கு வந்திருந்தா என்ன எழுதியிருப்ப? அந்தப் பையன ஒரு போக்கிரி யானையாக்கி, எல்மர அழவச்சு, கடைசிப் பக்கத்துல எல்லாரும் மன்னிப்புக் கேக்க மாதிரி முடிச்சிருப்ப. கூடவே அஞ்சு கேள்வியும் சேத்திருப்ப, பிள்ளைக விடை எழுதட்டும்னு. மெக்கீ அந்தப் பையனுக்குக் கதையில ஒரு வரி எடம்கூடக் குடுக்கல. வலிய அடியில போட்டு மூடிட்டு, மேல பூராவும் சிரிப்பு. அது அவரு வேணும்னே பண்ணுன வேலை. நீ அந்தச் சிரிப்பச் சொரண்டி வெளிய எறிஞ்சிட்டு, அடியில கெடக்க வலிய மட்டும் தோண்டி நாலு வயசுப் பிள்ளைக்கு ஊட்டுத. பிள்ளை கொட்டாவி விடாம என்ன செய்யும்?

நல்லது உடனே எடுபடும்னு நெனைக்காத. எல்மர் மொதல்ல வந்தது 1968-ல, டாப்சன்ங்குற பதிப்பகத்துல. வந்தான், போனான். அதுக்கப்புறம் 21 வருசம் கழிச்சு, 1989-ல, ஆண்டர்சன் பிரஸ்காரவுக அவனப் புதுசாத் திருத்திப் போட்டாக. அந்தப் பதிப்பகத்த 1976-ல ஆரம்பிச்ச கிளாஸ் ஃப்ளூகேங்குறவரு ஜெர்மனியில பெறந்தவரு, மெக்கீக்குப் பழைய கூட்டாளி. சொந்தப் பதிப்பகம் வைக்கதுக்கு முன்னாலயே, மெக்கீயோட மொதப் புஸ்தகத்த 1964-ல போட்டதும் அவருதான். அந்தக் கதையில ஒரு பறவ, பெயிண்டு டப்பா தூக்குற வேலைக்குப் போய், மேல கொட்டிக்கிட்டுக் கலராகும். மனுசனுக்கு மொதல்லேருந்தே பெயிண்டு மேலதான் கண்ணு.

இன்னொண்ணு கேளு. மெக்கீ ஃப்ளூகேக்குக் கடுதாசி போட்டா உறையிலயே படம் வரைஞ்சு அனுப்புவாரு. அதப் பாத்து மத்த ஓவியருகளும் அப்படியே அனுப்ப ஆரம்பிச்சுட்டாக. உறையெல்லாம் சேந்து பின்னால ஒரு புஸ்தகமாவே வந்துட்டு. நீ உன் முதலாளிக்கு அனுப்புத மின்னஞ்சல்ல ஒரு யானைய வரைஞ்சு பாரேன், மறுநாளே என் பக்கத்துல வந்து திண்ணையில உக்காந்துக்கிடலாம்.

ரெண்டாவது தடவ வந்த எல்மர் கால ஊனி நின்னுட்டான். ஒரு கோடிக்கு மேல பிரதி, 60-க்கு மேல பாஷை. மே மாசக் கடைசிச் சனிக்கிழமைய எல்மர் நாள்னு வச்சு நூலகத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் கொண்டாடுதாக. 2019-ல பிளிமத்து, சஃபோக், டைன் அண்டு வேர்னு மூணு பக்கம் ஆளு ஆளுக்கு வர்ணம் பூசுன எல்மர் சிலைகளத் தெருத்தெருவா நிறுத்தி, பெறவு ஏலம் விட்டாக. வந்த காசு, சாகப்போறவுகளப் பாத்துக்கிடுற காப்பகங்களுக்குப் போச்சு. புத்திமதி சொல்லி எவன்கிட்டயாவது காசு வாங்க முடியுமா? நானும் அறுவது வயசுலேருந்து முயற்சி பண்ணுதேன்.

ஒரு புஸ்தகத்தோட நிறுத்தல மெக்கீ. 2022-ல, 87 வயசுல சாகுத வரைக்கும் அந்த யானையோடதான் குடித்தனம். எல்மருக்கு வில்பர்னு ஒரு ஒறமொறைக்காரன், கறுப்பு வெள்ளக் கட்டம். வாயசைக்காம வேற எடத்துலேருந்து பேசுத மாதிரி குரல் விடுவான். நம்ம குடும்பத்துலயும் அப்படி ஒரு ஆளு உண்டு. பேரு சொல்லமாட்டேன், உன் பெரியப்பன் கோவிச்சுக்கிடுவான். நீர்யானைக வந்த கதை ஒண்ணும் இருக்கு. அதுக ஆறு வத்திப்போச்சுன்னு யானைக ஆத்துக்கு வந்து எறங்கிருச்சுக. யானைகளுக்குக் கோவம். இப்ப மட்டும் எல்மர் ஒத்துமையப் பத்திக் கூட்டம் போட்டுப் பேசுனான்னு நெனைக்கியா? மேல நடந்து போய் ஆறு ஏன் வத்துச்சுன்னு பாத்தான். பாறை உருண்டு அடச்சுக் கெடந்துச்சு. ரெண்டு கூட்டத்தையும் சேத்துத் தள்ளவச்சான். தண்ணி ஓடுச்சு. சோலி முடிஞ்சுது.

எனக்குப் பிடிச்சது எல்டோ தாத்தா கதை. எல்மர் தாத்தாவப் பாக்கப் போறான். பழைய சங்கதியெல்லாம் தனக்கு மறந்துபோன மாதிரி நடிக்கான். தாத்தாவும் ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திச் சந்தோசப்படுதாரு. நீயும் இருக்கியே, நான் ஒரு கதைய ஆரம்பிச்சா ‘மாமா, இத ஏற்கெனவே சொல்லிட்டீங்க’ங்குத. யானைக்கு இருக்க மரியாதை உனக்கில்ல.

நீ வாங்கி வச்சிருக்க இன்னொரு புஸ்தகத்தையும் பாத்தேன். மார்க்கஸ் ஃபிஸ்டர்ங்குற சுவிட்சர்லாந்துக்காரரு 1992-ல போட்ட வானவில் மீனு. செதில் மின்னும், தடவிப் பாக்கலாம். அதுவும் உலகம் பூரா வித்த சரக்குதான். ஆனா அந்த மீனு சேக்காளி கெடைக்கணும்னு தன் மின்னுத செதில ஒவ்வொண்ணாப் பிச்சுக் குடுக்கும், கடைசியில ஒண்ணே ஒண்ணு மிஞ்சும். பகுந்து குடுக்கது நல்லதுதான், ஒத்துக்கிடுதேன். எல்மர் தன் கட்டத்துல ஒண்ணக்கூடப் பிச்சுக் குடுக்கல. கூட்டம்தான் அவனுக்காக வர்ணம் பூசுச்சு. சேக்காளி வேணும்னா தோல உரிக்கணும்னு பிள்ளை நெனச்சுக்கிடாம, ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படி. எது சரின்னு நீ சொல்லாத. பிள்ளையே சொல்லும். நீ நெனைக்காததத்தான் சொல்லும், அதையும் கேட்டுக்கோ.

உனக்குன்னே மெக்கீ எழுதுன கதையும் ஒண்ணு உண்டு. 1980-ல வந்தது. பெர்னார்டுன்னு ஒரு பையன், தோட்டத்துல ஒரு பூதம் நிக்கு, என்னத் திங்கப்போவுதுன்னு சொல்லுதான். ‘இப்ப வேண்டாம் பெர்னார்டு’ங்காக அப்பனும் ஆத்தாளும். பூதம் பையனத் தின்னுட்டு வீட்டுக்குள்ள வருது. அப்பவும் நிமிந்து பாக்காம ‘இப்ப வேண்டாம்’ங்காக. ஆத்தாக்காரி பூதத்துக்கே சாப்பாடு வச்சு, பால் குடுத்துப் படுக்கப் போட்டுருதா. அதுல கைபேசி கெடையாது. 1980-ல அதில்லாமலே தாய் தகப்பன் இந்த லட்சணத்துலதான் இருந்திருக்காக. நீ அந்த மட்டுக்கும் தேவல. பூதம் வந்தா நிமிந்து பாப்ப, பாத்துட்டு அதுக்கும் நீதி சொல்லுவ.

ஆகக்கூடி மாமன் யோசனை இதுதான். நடுவுல நிறுத்தாமப் படி. பிள்ளை கேள்வி கேட்டா மட்டும் பதில் சொல்லு, அதுவும் கேட்ட அளவுக்கு மட்டும். நெறத்தப் பத்தி அது ஒருநாள் தெருவுலேருந்து ஏதாவது கேட்டுக்கிட்டு வரும். அன்னிக்கு நீ பேச வேண்டியது நெறய இருக்கும். அதுவரைக்கும் யானை அதும் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டே நின்னு எடம் பிடிச்சு வச்சிருக்கும். இன்னிக்கு உன் வேலை ஒண்ணுதான். ‘பே’ன்னு கத்துத பக்கம் வந்ததும் அடுத்த தெருவுக்குக் கேக்க மாதிரி கத்தணும். கூச்சமா இருந்தா பிள்ளையக் கத்தச் சொல்லு, நீ துள்ளி விழு. அம்மாம்பெரிய யானையே துள்ளிச்சு, உனக்கு என்ன கெட்டுப்போவுது? இடுப்புப் பிடிச்சுக்கிட்டா வா, தைலம் இருக்கு. புத்திமதியும் கொஞ்சம் இருக்கு.