வௌவால் காதும் வாய்மூடிய பெட்டியும்

வீடு முழுக்க ஒரே பாட்டைப் பிசிறில்லாமல் ஓடவிட ஸ்ட்ரீமர் வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரம் உண்டா என்பதைத்தான். குறுந்தகடு 16 பிட், 44.1-இலேயே குடும்பம் நடத்தியது. அதற்கு மேல் என்ன கூடுகிறது என்று கேட்டுச் சொல்ல வௌவால் காது வேண்டும்.

விசாரிக்க மறப்பது, அதை இயக்கும் ஆப்பை. 2024 மே மாதம் ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் புது ஆப் விட்டது. அலாரத்தைக் காணோம், ஸ்லீப் டைமரைக் காணோம். காசைக் கொட்டி வாங்கிய ஸ்பீக்கர் சிலருக்கு அலமாரிப் பிள்ளையாராக உட்கார்ந்துகொண்டது. ஜூலையில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியே போயிற்று.

லாஜிடெக் 2012-இல் கைகழுவிய ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமரோ, லிரியன் என்ற இலவச மென்பொருளின் தயவில், சின்னத் திரையில் பாட்டின் பெயர் ஊர்ந்துபோக, இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறது. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்வது ரசிகர்கள், சம்பளமில்லாமல்.